பிரண்டையும் நாலாவது விதியும்

அந்தப் போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா சாய்ச்சுப் பிடிங்க சார். நீங்க படிக்கறதெல்லாம் எனக்கும் தெரியுது. நான் படிக்கல, அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. ஆனா பஸ்ஸுல எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்களா? உங்க வீட்டம்மா 'அத்தை வர்றதா இருந்தா நான் காதுகுத்துக்கு வரல'ன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அதை வேற எவனாவது படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஏதோ என் கண்ணுல பட்டதோட போச்சு.

தேனிக்கா போறீங்க? நானும் அங்கதான். பேரைச் சொல்ல வேண்டாம், நான் கேக்க மாட்டேன். முன்பின் தெரியாதவர்கிட்ட பேர் கேக்கறது அவரோட தனியுரிமையில மூக்கை நுழைக்கற மாதிரி. சொந்த ஊரு எது, என்ன வேலை, தேனியில யாரு வீட்டுக்குப் போறீங்க, இதை மட்டும் சொன்னா போதும். இஷ்டமில்லையா, சரி விடுங்க. காதுகுத்துக்குத்தான் போறீங்கன்னு தெரிஞ்சு போச்சே.

என் பேரு ஆதிமூலம். மதுரையில பத்திர எழுத்தர். வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க வீட்டு விஷயத்தைக் கையால எழுதினவன் சார் நான். யாரு யாருக்குப் பாகம் பிரிச்சுக் குடுத்தா, யாரு யாருக்கு நாமம் போட்டா, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்ததில்ல. எங்க தெருவுல ஒரு பாத்திரக்கடைக்காரர் இருக்காரு. மூத்த சம்சாரத்துக்குத் தெரியாம இளையவ பேருக்கு மனை எழுதி வச்சாரு. எழுதினது நான்தான். இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லி யாருக்காவது தெரியுமா? கேட்டுப் பாருங்க.

அப்பேர்ப்பட்ட என்னை, ரகசியத்தைக் காப்பாத்தலன்னு சொல்லி வெளியேத்திட்டாங்க. அந்த வயித்தெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன். போனை உள்ள வைங்க, அதான் படிச்சாச்சே.

எங்களுக்கு ஒரு மாடித்தோட்டக் குழு உண்டு. முதல்ல வாட்ஸப்லதான் இருந்தோம். அதுல எவனோ ஒரு பூச்சிமருந்து விக்கறவன் தோட்டக்காரன் மாதிரி உள்ள நுழைஞ்சு, எல்லாரோட நம்பரையும் எடுத்துட்டான். அப்புறம் பாருங்க, சாப்பிட உக்காந்தா போன், கோயிலுக்குப் போனா போன். 'சார், உங்க கத்தரிக்காயில புழு இருக்காமே'ங்கறான். என் கத்தரிக்காய்ல புழு இருக்கறதை அவனுக்கு யாரு சொன்னா? அன்னைக்கு முடிவு பண்ணோம். இனிமே நம்ம சமாச்சாரம் நமக்குள்ளயே இருக்கணும்னு.

எங்கள்ல எட்வின்னு ஒரு தம்பி, நாகர்கோவில்காரன், கம்ப்யூட்டர் படிச்சவன். அவன்தான் சொன்னான், 'அண்ணாச்சி, வாட்ஸப் மாதிரி நாமளே சொந்தமா ஒண்ணு வைப்போம்'னு. இந்த பெரிய கம்பெனிக்காரன் யாரும் கிடையாது. விளம்பரம் கிடையாது. ஊருக்கு ஊரு பஞ்சாயத்து இருக்கற மாதிரி, ஒவ்வொரு கூட்டமும் தனக்குன்னு ஒரு இடம் வச்சுக்கும், தானே விதி போட்டுக்கும். ஆனா ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு இந்த பஸ் ஓடற மாதிரி, இங்க எழுதினதை அங்க உள்ளவனும் படிக்கலாம், பேசலாம். எங்க ஊருக்கு 'பூந்தொட்டி'ன்னு பேரு வச்சோம். பூந்தொட்டி மொத்தமும் எட்வின் வீட்டு பிரிட்ஜ் பக்கத்துல ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. அவங்கம்மா மிக்ஸி போட பிளக்கைப் பிடுங்கிட்டா எங்க ஊரே இருண்டு போயிரும். அது வேற விஷயம்.

உள்ள யாரும் நிஜப் பேரு போடக்கூடாது. எல்லாரும் செடி கொடி பேருதான். கருணைக்கிழங்கு, தூதுவளை, சுண்டைக்காய், பிரண்டை, இப்படி. நான் மட்டும் 'முள்வேலி'. ஏன்னா காவல் என் பொறுப்பு. எட்வின், தூதுவளை, நான், மூணு பேரும் நிர்வாகிங்க. விதிகளை எழுதற வேலையை என்கிட்ட குடுத்தாங்க. வேற யாருகிட்ட குடுப்பாங்க?

நான் எழுதினேன் சார். 'பூந்தொட்டியில் சேரும் உறுப்பினராகிய தாங்கள், மனமொப்பி, யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவுடன் சம்மதித்து'ன்னு ஆரம்பிச்சு. எட்வின் படிச்சுட்டு, 'அண்ணாச்சி, இது விதியா, கிரயப் பத்திரமா?'ன்னான். தம்பி, வில்லங்கம் வர்றதுக்கு முன்னாடி சிரிப்பாத்தான் இருக்கும்னு சொன்னேன். அதுல நாலாவது விதிதான் உசிரு. மனப்பாடமா சொல்றேன் கேளுங்க. 'ஓர் உறுப்பினரைப் பற்றி அறிய வந்த யாதொரு தகவலையும், அன்னாரின் எழுத்துமூலமான சம்மதம் இன்றி, நேர்முகமாகவோ மறைமுகமாகவோ, வேறெவருக்கும் தெரிவிக்கலாகாது. மீறுபவர் உடனடியாக நீக்கப்படுவார். மேல்முறையீடு கிடையாது.' எப்படி இருக்கு? ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

எட்வின்தான், 'பாவம் அண்ணாச்சி, யாராச்சும் தெரியாம செஞ்சுட்டா? பாதிக்கப்பட்டவங்க மன்னிச்சா திரும்பச் சேரலாம்னு ஒரு வரி போடுவோம்'னான். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். இளகின மனசோட விதி எழுதினா அது விதியா? அவன் எனக்குத் தெரியாம அந்த வரியைச் சேர்த்துட்டான். அந்த ஒரு வரியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் இன்னைக்கு தேனிக்குப் போறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்கள்ல பிரண்டைன்னு ஒரு அம்மா. நிஜப் பேரு சொல்லக்கூடாது. மரகதவல்லின்னு பேரு. தேனியில ஒரு பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணம் பண்ணிக்கல, வயசான தாயாரோட இருக்காங்க, தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் இவங்களுக்கும் வீட்டு விஷயத்துல மனஸ்தாபம். இதெல்லாம் அவங்களா சொன்னதில்ல, நானா விசாரிச்சு வச்சிருக்கேன். நிர்வாகின்னா நாலும் தெரிஞ்சு வச்சுக்கணும் இல்லையா.

அந்தம்மா பாகற்காய்னா பாகற்காய் சார். முழங்கை நீளம் தொங்கும். பொங்கல் சமயத்துல நாங்க அறுவடை வாரம் கொண்டாடுவோம், எல்லாரும் அவங்கவங்க காயைப் போட்டோ பிடிச்சுப் போடுவோம். எல்லாரும் காத்திருக்கறது பிரண்டையம்மா பாகற்காய்க்குத்தான். இந்த வருஷமும் போட்டாங்க. ஒரே பாராட்டு. நானும் 'அமோகம்'னு எழுதினேன். எழுதிட்டு சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். கையெழுத்து அசலா போலியான்னு பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. காம்புகிட்ட பச்சையா ஒரு முடிச்சு. நூல் சார். பாகற்காய் காம்பு கொடியில முளைக்கும், முடிச்சு போட்டுக்காது.

நான் ஊர் நடுவுல போட்டு உடைச்சேனா? இல்ல. தனிமடல்லதான் கேட்டேன். 'அம்மா, காம்பில் நூல் காணப்படுகிறதே, விளக்கம் தேவை'ன்னு. அந்தம்மா மறைக்கல. தாயார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்திருக்காங்க. இவங்க கூடவே இருந்திருக்காங்க. தண்ணி ஊத்த ஆளில்லாம பிஞ்செல்லாம் உதிர்ந்து போச்சு. அந்தக் கொடியை விதைச்சது தாயார். வருஷா வருஷம் எங்க பாராட்டையெல்லாம் இவங்க வாசிச்சுக் காட்ட, தாயார் படுக்கையில இருந்தே கேட்டுச் சிரிக்குமாம். இந்த வருஷம் வாசிக்க ஒண்ணும் இல்லாம போயிரக்கூடாதுன்னு, உழவர் சந்தையில நாலு காய் வாங்கி நூலால கட்டிப் போட்டோ பிடிச்சிருக்காங்க. 'ஐயா, அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாங்க. தயவுசெய்து யாருகிட்டயும் சொல்லிராதீங்க'ன்னு எழுதியிருந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். 'என் உயிர் உள்ளவரை வெளிவராது'ன்னு பதில் போட்டேன்.

போட்டேனா. ஆனா பாருங்க, மனசுல வச்சுக்க முடியல. சாப்பிட்டா செரிக்கல. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. எந்தப் பத்திரத்துக்கும் ரெண்டு சாட்சி வேணும். ஒரு ரகசியத்தை ஒத்த ஆளா காப்பாத்தறதைவிட ரெண்டு பேராச் சேந்து காப்பாத்தறது பலம்தானே. எனக்கும் வயசாகுது, நாளைக்கு மறந்து போய் எங்கயாவது உளறிட்டேன்னா? அதனால கருணைக்கிழங்குக்கு மட்டும் ஒரு தனிமடல் போட்டேன். அவர் பேரும் சொல்லக்கூடாது. கும்பகோணம் தில்லைநாயகம். கூட்டுறவு சங்கத்துல இருந்தவர், சர்க்கரை வியாதி, ஆனா தங்கமான மனுஷன்.

எழுதறப்போ தொழில்புத்தி வந்துருச்சு சார். பத்திரத்துல ஆளைக் குறிப்பிட்டா ஐயத்துக்கு இடமில்லாம குறிப்பிடணும். 'ஒரு அம்மா'ன்னு எழுதினா கோர்ட்ல நிக்காது. அதனால பிரண்டைங்கற பேருக்கு முன்னாடி அந்த அட் குறி, எழுத்தைச் சுத்தி வால் போட்டிருக்குமே, அதைப் போட்டு, பூந்தொட்டின்னு ஊர்ப் பேரும் போட்டு எழுதினேன். 'பூந்தொட்டியைச் சேர்ந்த மேற்படி பிரண்டை என்பவர் காட்சிப்படுத்திய பாகற்காய்கள் அன்னாரின் சுயார்ஜிதம் அல்ல. உழவர் சந்தையில் கிரயத்துக்கு வாங்கி, பச்சை நூலால் கட்டப்பட்டவை. இது நமக்குள் இருக்கட்டும்.'

அந்தக் குறி போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது சார். எங்க இடத்துல, தனிமடல்ல யாரு பேரை அந்தக் குறியோட எழுதறோமோ, அவங்களுக்கும் அந்த மடல் போயிரும். மணி அடிச்சு, 'உங்களைப் பத்தி முள்வேலி எழுதியிருக்காரு, வந்து படிங்க'ன்னு கூப்பிட்டுக் காட்டிரும்.

அந்தம்மாகிட்ட இருந்து ஒரு பதில் வந்துச்சு. 'நன்றி ஐயா.' அவ்வளவுதான். எதுக்கு நன்றின்னு யோசிச்சேன். போன மாசம் சுரைக்காய் விதை அனுப்பினேனே, அதுக்கா இருக்கும்னு, 'பரவாயில்லம்மா, இது என் கடமை'ன்னு எழுதிட்டேன்.

தில்லைநாயகம்தான் போன் பண்ணி, 'ஓய், நீர் என்ன காரியம் பண்ணி வச்சீர்'னு விளக்கினாரு. பதறி அடிச்சு அழிச்சேன். எங்க ஊர்ல அழிஞ்சுது. ஆனா தில்லைநாயகம் ஆளு கும்பகோணத்துல இருந்தாலும், கணக்கு வச்சிருக்கறது வேற பெட்டியில சார், டொராண்டோவுல ஒரு தமிழ்ப் பையன் நடத்தறது, அங்க இருந்துதான் எங்ககூடப் பேசுவாரு. அங்க ஒரு பிரதி அப்படியே இருக்கு. எட்வின் அந்தப் பையனுக்கு எழுதினான். அவன், 'அழிச்சுடலாம் அண்ணா, ஆனா ஒரு சந்தேகம், நூல் கட்டினா பாகற்காய் வாடாதா?'ன்னு கேட்டிருக்கான். படிச்சுட்டான் பாருங்க. மத்தவங்க மடலைப் படிக்கலாமா? என்ன நாகரிகம் இது?

மறுநாள் விசாரணை. யாரு மேல? என் மேல. நிர்வாகி மூணு பேர்ல ஒருத்தன் குற்றவாளியா நின்னேன். நான் விட்டுருவேனா? வாதாடினேன். ஒண்ணு, நாலாவது விதி 'வேறெவருக்கும் தெரிவிக்கலாகாது'ங்குது. நான் சம்பந்தப்பட்டவங்களுக்கே அதே நிமிஷம் தெரிவிச்சிருக்கேன், இதைவிட நேர்மை உண்டா? ரெண்டு, தில்லைநாயகம் வேறெவரோ இல்ல, என் சிநேகிதர். தூதுவளை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க சேலத்துல பல் டாக்டர். பேரு வேண்டாம், சுபத்ரா. 'முள்வேலி ஐயா, இந்த விதியை எழுதினது யாரு?'ன்னாங்க. நான்தான்னேன். 'மேல்முறையீடு வேண்டாம்னு சொன்னது?' அதுவும் நான்தான்னேன். 'அப்ப வாயை மூடுங்க'ன்னாங்க. பல்லைப் பிடுங்கறவங்க வாயைத் திறங்கன்னுதானே சொல்வாங்க, எனக்கு மட்டும் இப்படி.

நீக்கிட்டாங்க. பிரண்டையம்மாவும் அன்னையில இருந்து ஒரு வரி எழுதறதில்லைன்னு தில்லைநாயகம் சொன்னாரு.

சிரிக்காதீங்க சார். உங்களுக்கு இது விளையாட்டு. எங்க வீட்டம்மா மக பிரசவத்துக்குன்னு பூனாவுக்குப் போனவ, பேரன் நடக்கட்டும், பேரன் பேசட்டும்னு அங்கயே இருக்கா. வீட்ல நான் ஒருத்தன். காலையில எந்திரிச்சு மாடிக்குப் போய், வெண்டைப்பூவைப் படம் பிடிச்சு, 'வணக்கம்'னு போட்டா, நாலு ஊர்ல இருந்து நாலு பேரு வணக்கம் சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குக் காபியே இறங்கும். இப்பவும் வெண்டை பூக்குது. படம் பிடிக்கறேன். யாருக்குக் காட்டறது? பூனாவுக்கு அனுப்பினா, 'வெண்டைக்காயை வதக்கி சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறா. முந்தாநாள் மாடியில நின்னு அழுதுட்டேன் சார். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு.

அதான் நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுருவோம்னு கிளம்பிட்டேன். வீடு தெரியும், பெரியகுளம் ரோட்ல நீலக் கேட்டு. விதை பரிமாறிக்கறதுக்காக எல்லார் விலாசமும் என்கிட்ட குடுத்திருக்காங்க. விதை அனுப்ப மட்டும்தான் அதைப் பயன்படுத்தணும்னு அஞ்சாவது விதி. அதனாலதான் பாக்கெட்ல கொஞ்சம் பீர்க்கன் விதையும் வச்சிருக்கேன், விதிப்படி செல்லும். இந்தப் பையில என்னன்னு பாக்கறீங்களா? பாகற்காய். என் மாடியில காய்ச்சது. வெறுங்கையோட போகக்கூடாதுல்ல. வேணும்னா காம்பைப் பாத்துக்கோங்க, நூல் கெடையாது.

எட்வின்கிட்ட என் நம்பரை மட்டும் அந்தம்மாவுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கேன். அவங்களுக்கே பேசணும்னு தோணினா பேசட்டும்னு. நான் வர்றதைச் சொல்லல. சொன்னா கேட்டைப் பூட்டிட்டாங்கன்னா?

உசிலம்பட்டி தாண்டிட்டோமா? இருங்க, போன் அடிக்குது. புது நம்பரா இருக்கு. சார், இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்.

ஹலோ. ஆமா, ஆதிமூலம்தான். யாரு? அம்மா, நீங்களா. கும்பிடறேம்மா. இல்லம்மா, சும்மா ஒரு வேலையா பஸ்ஸுல போய்ட்டிருக்கேன். ஆமாம்மா. தப்புதான். நான் இல்லைன்னே சொல்லல. எந்த வாதமும் இல்லம்மா, தப்புன்னா தப்பு. தாயாருக்கு இப்ப எப்படி இருக்கு? உக்கார்றாங்களா? நல்லதும்மா. என்னது? என்னையா? முள்வேலியோட வெண்டைப்பூ ஏன் வரலன்னு தினமும் கேக்கறாங்களா?

சார், கேட்டீங்களா. நான் போடற பூவை அவங்க தாயார் தேடுதாம்.

சொல்லுங்கம்மா, இருக்கேன். இனிமே இப்படி நடக்காதும்மா, எழுதியே தர்றேன். வேற யாருகிட்டயுமா? சத்தியமா இல்லம்மா. தில்லைநாயகத்தைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நீங்க அதை மட்டும்தான் கேக்கறீங்கன்னா, நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன், நான் வாயைத் திறக்கல. நம்பலையா? இதோ என் பக்கத்துல ஒருத்தர் மதுரையில இருந்து என்கூடவே வர்றாரு. நான் எப்படிப்பட்டவன்னு அவரையே கேளுங்க.

சார், ஒரு உபகாரம். அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலன்னு சொன்னா போதும். இன்னைக்கு ராத்திரியே என்னைச் சேத்துருவாங்க. கிட்ட வந்து பேசுங்க, தைரியமாப் பேசுங்க.

சார். என்ன சார் இது. 'பாகற்காய்ல நூல் கட்டினதைப் பத்தி அவர் ஒரு வார்த்தைகூட சொல்லலம்மா'ன்னு சொல்றீங்களே. உங்களை யாரு நூலைப் பத்திப் பேசச் சொன்னா? ஒண்ணும் சொல்லலன்னா, ஒண்ணும் சொல்லலன்னு நிறுத்திக்க வேண்டாமா? போதாததுக்கு 'தாயாருக்கு இடுப்பு சேர்ந்துருச்சா'ன்னு விசாரணை வேற.

ஹலோ. அம்மா. அம்மா, ஹலோ.

வச்சுட்டாங்க. திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க.

எவ்வளவு நல்லாப் போய்ட்டிருந்துச்சு சார். கூடிவந்த நேரத்துல இப்படிக் கெடுத்துட்டீங்களே. இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அந்த வாசல்ல போய் நிப்பேன்? ஆண்டிபட்டியில எறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்ப வேண்டியதுதான். பாத்தா கண்ணியமான ஆளாத் தெரிஞ்சீங்க, நம்பி மனசு விட்டுச் சொன்னேன். ஒரு பொம்பளை, உங்களுக்கு முன்பின் தெரியாதவங்க, அவங்க வீட்டு விஷயத்தை இத்தனை ஜனம் கேக்கற மாதிரியா போட்டு உடைக்கறது? உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் நான் அந்த நாலாவது விதியையே எழுதினேன்.